இரட்டை வாசல் இல்லம்

அந்தத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது நான் உட்காருகிற இடம். இந்தக் கடற்கரை பெஞ்சில் என் பெயர் எழுதியிருக்கவில்லைதான். எழுதினால் அதையும் பாரம்பரியம் என்று சொல்லிப் பலகை மாட்டிவிடுவார்கள். இந்த ஊரில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பையைத் தொடாதீர்கள், நானே வைத்துக்கொள்கிறேன்.

ஊர் சுற்றிப் பார்க்கவா? ஈரோடா. சரி. வீட்டம்மா இளநீர் வாங்கப் போயிருக்கிறார்களா, வரட்டும். வழிகாட்டி இன்னும் வரவில்லை. நேரத்துக்கு வரமாட்டாள். நான் மில்லில் டைம் கீப்பராக இருந்தவன். சங்கு ஊதி முடிந்தால் கேட்டைச் சாத்துவேன். என் சொந்த மைத்துனன் வெளியே நின்று கெஞ்சியிருக்கிறான். திறந்ததில்லை. இவள் ஒவ்வொரு ஞாயிறும் தாமதம். அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வர வேண்டும், தாமதமாகத்தான் ஆகும். ஆனாலும் தாமதம் தாமதம்தான்.

எனக்கு எப்படித் தெரியுமா? சுவர் மெல்லிசு. எல்லாம் கேட்கும்.

என் மகள்தான். தில்லைநாயகி. வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழையவில்லை என்று தில்லை ஆக்கிக்கொண்டாள். நான் வைத்த பெயரில் பாதிதான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. வீட்டிலும் பாதிதான் என் பக்கம். அதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். உங்களால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். சின்ன வேலை. முதலில் விஷயத்தைக் கேளுங்கள். நடுவில் போனைப் பார்க்காதீர்கள்.

எங்கள் புதுச்சேரிச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிரெஞ்சுக்காரன் போனபோது, யாருக்கெல்லாம் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விருப்பமோ வந்து எழுதிக்கொடுங்கள் என்று ஆறு மாதம் கெடு வைத்தான். எழுதிக்கொடுத்தவன் பேரன் பேத்தியெல்லாம் இன்றைக்குப் பாரிசில் ரயில் ஓட்டுகிறான், கடை வைத்திருக்கிறான். எங்கள் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. கேட்டால் அப்போது பல்வலி என்பார். பல்வலி எங்காவது ஆறு மாதம் இருக்குமா? அவருக்கு இருந்தது. அதனால் நான் மில்லுக்குப் போனேன். மில்லும் மூடியாயிற்று.

இங்கே பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான் தெரியுமா? நேஷனாலிட்டி மாப்பிள்ளை தேடுவான். பையன் என்ன படித்திருக்கிறான், எப்படி இருக்கிறான், அதெல்லாம் பிறகு. பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறதா, அதுதான் முதல் கேள்வி. கட்டிக்கொடுத்தால் பெண் போவாள். பெண் போனால் பின்னாலேயே குடும்பம் போகும். நானும் தயார் செய்தேன். பல் முளைத்ததிலிருந்து தில்லைக்குப் பிரெஞ்சு டியூஷன். மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடும், இவள் வினைச்சொல் மனப்பாடம் செய்வாள்.

நல்ல இடமே அமைந்தது. சொல்தா வீட்டுச் சம்பந்தம். சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம். பையன் பாரிசுக்குப் பக்கத்தில். நிச்சயதார்த்தத்துக்கு வீடு நிறைய ஆள். பையனுடைய அம்மா கறுப்புக் கண்ணாடியை உச்சந்தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார், "பிரெஞ்சு நல்லா வருமாமே. எங்க ஏதாவது பேசும்மா கேப்போம்."

எழுந்து நின்றாள். பேசினாள். தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. இத்தனை வருஷ டியூஷனும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் முதலில் கைதட்டியது நான்தான். நான் தட்டியதைப் பார்த்து மைத்துனன் தட்டினான். பின்கட்டில் இருந்து சமையல்காரர்கள் வந்து தட்டினார்கள்.

பையனுடைய அம்மா தட்டவில்லை. தாம்பாளத்தில் வைத்திருந்த புடவையை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

என்ன பேசினாளாம்? "என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு இந்த ஊரை விட்டு வர விருப்பமில்லை. எங்க அப்பாகிட்ட பல தடவை சொல்லிட்டேன். தமிழ்ல சொன்னா அவருக்குக் கேக்கறதில்லை."

பச்சைப் பொய். தமிழில் எப்போது சொன்னாள்? சாப்பிடும்போது ஏதோ சொல்லியிருக்கலாம். கோயிலுக்குப் போகும் வழியில் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. ஒரு தடவை அழுதுகொண்டே வேறு சொன்னாள். நான் எத்தனை வேலையைத்தான் பார்ப்பேன்?

எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. அடுத்த வாரமே கொத்தனாரை வரச் சொன்னேன், அவ்வளவுதான். வீட்டு நடுவில் முற்றம். முற்றத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேலே சுவர். அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு, இந்த ஜென்மத்தில் உன் வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அளந்து கயிறு பிடித்தது நான்தான். சுவர் எழும்பி முடிந்த பிறகு பார்த்தால் சமையல்கட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறது. கிணறும் அந்தப் பக்கம். என் பக்கம் சாமான் அறையும் ஒரு வேப்பமரமும்.

கொத்தனார், "என்னங்க ஐயா, அடுப்பு?" என்றான். வேலையைப் பார் என்றேன்.

கமலம் என் சம்சாரம். கமலாம்பாள். நீங்க எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டார்கள். "அடுப்பு இருக்கிற பக்கம்" என்று போய்விட்டாள். பிடிவாதக்காரி. இந்தக் குடும்பத்திலேயே பிடிவாதம் இல்லாத ஆள் நான் ஒருவன்தான்.

இருந்த வாசல் அவர்கள் பங்குக்குப் போய்விட்டதால் எனக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. காரைக்கால் பக்கம் ஏதோ பெரிய வீட்டை இடித்தார்கள் என்று பழைய மரக்கடையில் ஒரு கதவு கிடந்தது. பூவேலை, யாளி முகம், பித்தளைக் குமிழ். புதுக் கதவைவிடச் சல்லிசு. கொண்டுவந்து மாட்டினேன். ஆக, தெருவைப் பார்த்து ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்.

சாப்பாடா? அது வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வேளையும் கமலம் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வாசலில் இறங்கித் தெருவில் நாலு எட்டு வைத்து இந்த வாசலில் ஏறுவாள். வைப்பாள். "ரசத்துல உப்பு பத்தலைன்னா சொல்லுங்க." உப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை. திரும்ப இறங்கி அந்த வாசலில் ஏறுவாள். வெயில், மழை எதுவானாலும். தெரு சிரிக்குமே என்று ஒரு தடவை சொன்னாள். தெருவுக்கு வேறு வேலை இல்லை என்றேன். பத்துப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் தில்லை இந்த வழிகாட்டி வேலைக்குப் போனாள். நான் சொல்லிக்கொடுக்க வைத்த பிரெஞ்சு. பாரிசுக்குப் போகவேண்டிய பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு பாரிசிலிருந்து வருகிறவனுக்கு வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு பழைய வீடுகளைக் கணக்கெடுக்கிற பாரம்பரியக் குழுக்காரர் ஒருவர் வந்தார். ஜிப்பா, தோளில் கேமரா. வந்தவர் என் கதவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். யாளியைத் தடவினார். "ஐயா, ஒரே வீட்டுக்கு ஏன் ரெண்டு வாசல்? இந்த மாதிரி நான் எங்கயுமே பாத்ததில்லையே. எந்தக் காலத்துது?"

என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? பெண்ணோடு சண்டை, நான்தான் வைத்தேன், மரக்கடையில் எடுத்தேன் என்று முகம் தெரியாத ஆளிடம் சொல்வார்களா? "எங்க தாத்தா காலம்" என்றேன். "ஒண்ணு வீட்டு மனுஷாளுக்கு. இன்னொண்ணு வந்து போற துரைமாருக்கு. துரை வர்ற வழியில நம்ம பெண்டுகள் நடக்க வேண்டாம்னு தாத்தா ஏற்பாடு." வாயில் தானாக வந்தது. அவர் எழுதிக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மனிதனுக்கு.

மூன்றாம் மாதம் பலகை வந்தது. இரட்டை வாசல் இல்லம். தமிழ், பிரெஞ்சுக் கலப்புக் கட்டடக்கலைக்கு அரிய சான்று. வாசல்களை மாற்றுவதோ அகற்றுவதோ கூடாது.

பலகை மாட்டிய அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தில்லை சிரித்தது எனக்குக் கேட்டது. வெகுநேரம் சிரித்தாள். கமலம் அதட்டினாள். பிறகு கமலமும் சிரித்தாள். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை புரியவில்லை.

போன ஐப்பசியில் நல்ல மழை. அந்த வாசல் படி உயரம், வழுக்கும். நான் அப்போதே சொன்னேன், யாரிடமும் இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் தூக்கு உருண்ட சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். கமலம் தெருவில் கிடந்தாள். ஒரு கால் திரும்பியிருந்தது. அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து, "ரசம் போச்சுங்க" என்கிறாள்.

தில்லை ஓடிவந்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் தூக்கை எடுத்து மூடியைத் தேடி வைத்தேன். யாராவது எடுக்க வேண்டும் அல்லவா. ஆஸ்பத்திரிக்கும் போனேன். கேட் வரைக்கும். உள்ளே கூட்டமாக இருந்தது.

இடுப்பு. ஆபரேஷன் வேண்டும், ஆனால் சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது அந்த நாலுகால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள். வாக்கர். டொக், டொக். சாயந்திரம் ஆனால் அந்தச் சத்தம் முற்றம் வரை வரும். சுவர்கிட்டே வந்து நிற்கும். பிறகு திரும்பிப் போகும். நான் இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் காற்று நன்றாக வரும். வேறொன்றும் இல்லை.

எனக்குச் சாப்பாடு கொண்டுவருவதாகத் தில்லை யாரையோ அனுப்பினாள். வேண்டாம் என்றேன். மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அந்த ரசத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது பாருங்கள், கமலத்தைப் பார்க்க வேண்டும். ஆசை என்று இல்லை. எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், முறை. ஆனால் அந்த வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அவள் தெருவுக்கு வர முடியாது, நான் உள்ளே போக முடியாது.

ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தில்லை ஒரு கூட்டத்தை அந்த வாசலுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். மாலையும் கேமராவுமாக உள்ளே போனவன் எல்லாம் சுக்குக் காப்பி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். ஊர் பேர் தெரியாதவன். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அப்பனாகப் போனால்தானே வாக்கு தவறும்? டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால்? டிக்கெட் வாங்கினவன் சுற்றுலாப் பயணி. அவனை எங்கே கூட்டிப் போகிறார்களோ அங்கே போகிறான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மறுவாரம் வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். டிக்கெட்டை நீட்டினேன். தில்லை என்னைப் பார்த்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். "வாங்க சார்" என்றாள். "வெயில் ஜாஸ்தி, தொப்பி இருக்கா?" இல்லை என்று தலையாட்டினேன். தன் குடையைக் கொடுத்துவிட்டு அவள் வெயிலில் நடந்தாள். எல்லாருக்கும் கொடுப்பாள் போலிருக்கிறது. தொழில் தெரிந்தவள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். ஊர் எனக்குத் தெரியாதா? எழுபது வருஷமாக இருக்கிறேன். ஆனால் யாராவது தவறு கண்டுபிடிக்க வேண்டுமே. ழான் தார்க் என்கிற பிரெஞ்சு வீராங்கனை சிலை வெண்கலம் என்றேன், கூட்டத்தில் நின்றபடி, பொதுவாக. "சலவைக்கல்லு சார்" என்றாள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். சலவைக்கல்தான். அதனால் என்ன, நிற்கிற தோரணை வெண்கலம்தான்.

பூங்காவில் ஆயி மண்டபம் வரும். நின்று கதை சொல்வாள். கவனமாகக் கேளுங்கள், நன்றாகச் சொல்வாள். ஆயி ஒரு தாசி. அவள் மாளிகையில் எரிந்த விளக்கைப் பார்த்து, கோயில் என்று நினைத்து ராஜா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். பிறகு தாசி வீடு என்று தெரிந்ததும் ஆத்திரம். இடித்துத் தள்ளுங்கள் என்றான். ஆயி என்ன கேட்டாள்? "நான் கட்டின வீடு, என் கையாலேயே இடிச்சிடறேன்." இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். இதைச் சொல்லும்போது தில்லை ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தேதான் சொல்கிறாள். "கட்டினவங்களேதான் இடிக்கணும். அதுதான் அழகு." நான் உயரமாக இருப்பதால் கண்ணில் படுகிறேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளைக்காரன், மேற்கே தமிழன், நடுவில் வாய்க்கால் என்று பிரித்து வைத்திருந்தான் அல்லவா. அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்திடம் சொல்வாள், "ஒரு ஊரை ரெண்டாப் பிரிச்சவங்க கிளம்பிப் போயிட்டாங்க. நாத்தம் மட்டும் நமக்கு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிரெஞ்சுக்காரனுக்கு அது வேண்டும்.

கடைசியில் எங்கள் தெரு. பலகைக்கு எதிரே நிறுத்தி, "ஒரு வாசல் வீட்டு மனுஷாளுக்கு, இன்னொண்ணு துரைமாருக்கு" என்று சொல்வாள். நான் அந்தக் குழுக்காரரிடம் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல். என் முகத்தைப் பார்க்காமல். அவள் சொல்வதில் எத்தனையோ பிழை கண்டுபிடிக்கிற நான் அந்த ஓர் இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பலகையில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் ஞாயிறு அந்தப் படியில் ஏறும்போது, செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். பிறகு திரும்ப வந்து கழற்றினேன்.

கமலம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். தலை நன்றாக வாரியிருந்தது. கூட்டம் சுற்றி நின்றது, நான் கடைசியில். "இது எங்கம்மா" என்றாள் தில்லை. வணக்கம் சொன்னார்கள். கமலம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்மேல் கண் வந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "சக்கரை உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

கையைத் தூக்கினேன். நான் ஒருவன்தான்.

மற்றவர்களுக்கு வெல்லம் போட்ட சுக்குக் காப்பி, சுழியன். எனக்குத் தனி டம்ளர், வெல்லம் இல்லாமல். தட்டில் இரண்டு உளுந்து வடை, மிளகு தூக்கலாக. நான் மிளகு தூக்கலாகத்தான் சாப்பிடுவேன். வாரா வாரம் இப்படித்தான். நல்ல ஏற்பாடு. எல்லா ஊர் சுற்றுலாவிலும் இப்படிக் கேட்க வேண்டும்.

பெங்களூர்க்காரப் பெண் ஒருத்தி கமலத்தைக் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்மா?"

"வந்துக்கிட்டிருக்கார்" என்றாள் கமலம். "கொஞ்சம் மெதுவா நடக்கிற ஆளு."

நான் மெதுவாக நடக்கிறவனா? மில்லில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மில்தான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையில் ஆஸ்பத்திரி வண்டி வருகிறது. சர்க்கரை குறைந்துவிட்டதாம், ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். கமலத்தை அந்த உயரப் படியில் எப்படி இறக்குவார்கள்? நாலு பேர் பிடித்து மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு, தெருவே பார்க்க. அவள் கூச்சக்காரி. கல்யாணத்தன்றே என் அத்தை கையைப் பிடித்து இழுத்ததற்கு அழுதவள்.

என் வாசலில் இப்போது படி கிடையாது. சரிவுதான். போன வாரம் போட்டது, சிமெண்டு பளபளவென்று இருக்கிறது. வாசலை மாற்றக் கூடாது என்றுதான் பலகையில் இருக்கிறது, தரையைப் பற்றி ஒன்றும் இல்லை. எதற்கு என்றால், சைக்கிள் ஏற்றுவதற்கு. என்னிடம் சைக்கிள் இல்லைதான். வாங்கமாட்டேனா?

ஆக, முற்றத்துச் சுவர் மட்டும் இல்லாவிட்டால் சக்கர நாற்காலியை அங்கிருந்து நேராக என் பக்கமாகத் தள்ளி, சரிவில் இறக்கி, வண்டியில் ஏற்றிவிடலாம். ஒருவர் கையும் படாது.

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். இடிக்க வேண்டியதுதானே என்று. எப்படி இடிப்பது? நானாகப் போய் இடித்தால் நான் தோற்றதாக ஆகும். அவளாக இடிக்கலாம் அல்லவா? மாட்டாளாம். "கட்டினவரே இடிக்கட்டும், நான் எதுக்கு அவர் சுவத்துல கை வைக்கணும்" என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். ஊரிலிருக்கிற செங்கல்லுக்கெல்லாம் கதை வைத்திருக்கிறவள், "அது புதுசு, ஒண்ணும் விசேஷமில்லை" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை வெளியே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளும் கேட்கமாட்டாள். நானும் சொல்லமாட்டேன். நாளைக்கு வண்டி வந்துவிடும்.

அதனால்தான் நீங்கள். உங்களைப் பார்த்தால் கேள்வி கேட்கிற ஆள் மாதிரித் தெரிகிறது. காப்பி வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கேளுங்கள். "இதை யார் இடிக்கப் போறாங்க?" அவ்வளவுதான். நீங்கள் கேட்டால் அவள் என்னைப் பார்ப்பாள். வேறு யாரைப் பார்ப்பாள்? அவள் பார்த்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பயணி கேட்டார், மரியாதைக்குப் பதில் சொன்னேன் என்று இருக்கும். தோற்றதாக இருக்காது.

என்ன, போனில் வேறு மாதிரிப் போட்டிருக்கிறதா? காட்டுங்கள். எழுத்து சின்னது, நீங்களே படியுங்கள். கடற்கரை, பூங்கா, மாதா கோயில், வாய்க்கால், மார்க்கெட்டோடு நடை முடிகிறது. வீடு என்று எதுவும் இல்லையா? கீழே தள்ளிப் பாருங்கள். போன வருஷம் வந்தவர் எழுதியதிலும் இல்லையா. ஐப்பசிக்கு முன்னால் அவர் வந்திருப்பார்.

விட்டுப் போயிருக்கும். இந்தக் காலத்தில் யார் ஒழுங்காக எழுதுகிறார்கள்? எல்லாரையும்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். நான் போன ஞாயிறெல்லாம் போயிருக்கிறோம். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், வரவில்லை. ஜன்னலோரம்தான் படுத்திருந்தேன். அன்றைக்குக் கூட்டம் வந்த சத்தம் கேட்கவில்லை, வாஸ்தவம்தான். வாக்கர் சத்தம் மட்டும் சுவர்கிட்டே நாலைந்து தடவை வந்து வந்து போயிற்று. மழையாக இருந்திருக்கும், நடை நின்றுபோயிருக்கும். இல்லை, நல்ல வெயில். காய்ச்சலில் எனக்கு எல்லாம் ஞாபகம் இல்லை. நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? போனை உள்ளே வையுங்கள்.

அதோ வருகிறாள். நீலக் குடை. பார்த்தீர்களா, எங்கே பார்க்கிறாள்? வந்தவுடன் முதலில் இந்த பெஞ்சைத்தான் பார்ப்பாள். வந்த தலையை எண்ண வேண்டும் அல்லவா, வழிகாட்டி.

உங்கள் வீட்டம்மாவைக் கூப்பிடுங்கள், இளநீரை நடந்துகொண்டே குடிக்கலாம். கேள்வி ஞாபகம் இருக்கிறதா? சொல்லிப் பாருங்கள். இல்லை, இல்லை. "இந்தச் சுவர் எதுக்கு" என்று கேட்காதீர்கள். அதற்கு அவள் ஏதாவது தாத்தா கதை சொல்லிவிடுவாள். யார் இடிப்பார்கள், அதுதான் கேள்வி. கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம்.

பையை விடுங்கள் என்றேனே. கனமாகத்தான் இருக்கும். சுத்தியல், உளி. கடற்கரையில் சுற்றிப் பார்க்க வருகிறவன் சுத்தியல் எதற்கு எடுத்துவருகிறான் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கொடுத்த கேள்வியை மட்டும் கேளுங்கள். எழுந்திருங்கள், நேரமாகிறது.